அத்தை காதில் சொன்ன பெயர்

எனக்குப் பாம்பைக் கண்டால்கூடப் பயமில்லை. பெயர்களைக் கண்டால்தான் பயம். வாய்க்குள் நுழையாத பெயர் என்றால், ஆளைப் பார்த்ததும் “நல்லாருக்கீங்களா?” என்று பொதுவாகக் கேட்டுவிட்டு நழுவிவிடுவேன்.

அண்ணன் மகளுக்குப் பெயர் சூட்டிய அன்று நழுவ வழியில்லை. எங்கள் வீட்டு வழக்கப்படி அத்தைதான் குழந்தையின் காதில் மூன்று தடவை பெயரைச் சொல்லவேண்டும். இருப்பதோ ஒரே அத்தை, அதுவும் நான். பெங்களூர் மதினி தேர்ந்தெடுத்த பெயர் க்ஷிதிஜா.

எப்படி உச்சரிப்பது என்று மதினி வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தார். கூடவே ஒரு குண்டையும் போட்டார். “முதல்ல காதுல எப்படி விழுதோ, அப்படித்தான் ஆயுசுக்கும் ஒட்டும். பாத்துச் சொல்லு, இசக்கி.”

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தென்காசியில் பஸ் ஏறியதிலிருந்து மேலகரம் தாண்டும்வரை முணுமுணுத்துப் பார்த்தேன். (தும்மல் பாதியில் நின்றதுபோல் இருந்தது.) பக்கத்து சீட்டு அம்மாள் மந்திரம் என்று நினைத்துத் தள்ளி உட்கார்ந்தார்.

குற்றாலத்தில் சின்ன மண்டபம். வெளியே சாரல், உள்ளே எனக்கு வேர்வை. மதினியின் அம்மா ஓய்வுபெற்ற இந்தி டீச்சர். முன்வரிசையில் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். வீடியோக்காரர் என் சேலையில் குட்டி மைக்கைச் செருகினார். ஒரு பச்சைப்பிள்ளையின் பெயரைக் கெடுக்கப்போகிறேனே என்று நிஜமாகவே அழுகை முட்டியது.

“ஏட்டி, என்ன முழிச்சிக்கிட்டு இருக்க? சொல்லுட்டி” என்றாள் என் அம்மா.

குனிந்தேன். குழந்தை கண்கொட்டாமல் பார்த்தது. மனப்பாடம் செய்த பெயர் மறந்துபோனது. வகுப்பில் புது டீச்சர் எழுப்பிப் பெயர் கேட்டால் என்ன சொல்வேனோ, அதுதான் வாயில் வந்தது.

“இசக்கியம்மாள்.”

ஸ்பீக்கரில் மண்டபம் முழுக்கக் கேட்டது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மூன்று தடவை சொன்னால்தானே சடங்கு முடியும் என்று இன்னும் இரண்டு தடவை சொன்னேன். உச்சரிப்பு அப்படிச் சுத்தம்.

இந்தி டீச்சர் எழுந்துவிட்டார். அண்ணன் தூணுக்குப் பின்னால் போய்விட்டான். “மறுபடி சரியாச் சொல்லச் சொல்லுங்க” என்று மதினி பதறினார்.

அம்மா தலையாட்டினாள். “நம்ம இசக்கியம்மன் பேரச் சொல்லியாச்சு. இனி மாத்தினா அம்மன் சும்மா விடுவாளா?”

அதற்குப் பிறகு பயம் என்னை விட்டு மதினியைப் பிடித்துக்கொண்டது.

இப்போது அண்ணன் மகள் பள்ளியில் க்ஷிதிஜா, வீட்டில் சின்ன இசக்கி. குடும்பம் கூடினால் என்னை நடுவில் உட்காரவைத்துப் பள்ளிப் பெயரைச் சொல்லச் சொல்வார்கள். போன லீவிலும் திக்கி நின்றேன். எல்லோரும் சிரிக்க, அவள் மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பயப்படாதீங்க அத்தை. இசக்கின்னே கூப்பிடுங்க, நான் வருவேன்.”