பொம்மை ஒன்று, கை ஒன்று குறைவு

இந்த விவகாரத்தில் நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாட்டிக்கொண்டதற்குக் காரணமே அதுதான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை என் மனைவி கமலவேணியிடம் எல்லா உண்மையையும் சொல்லிவிடுவது என்று தீர்மானம் செய்தேன். மிக உறுதியான தீர்மானம். அதற்கு முன் முப்பத்திரண்டு ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் இதே உறுதியோடுதான் தீர்மானித்திருந்தேன்.

எங்கள் குடும்பத்தில் பி.ஏ. படித்த முதல் ஆள் நான். எங்கள் தெருவிலும் நான்தான். ஆம்பூரில் எங்கள் பக்கம் வந்து கனகராஜ் வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பி.ஏ. சார் வீடு என்று கேட்டால் ஆடுகூட வழிகாட்டும். தோல் பதனிடும் ஊரில் ஆட்டுக்கு வேறு கவலைகள் உண்டு. இருந்தாலும் காட்டும். ரேஷன் கார்டு மனு, மணியார்டர் பாரம், இங்கிலீஷில் வந்த தந்தி என்று எல்லாம் என்னிடம்தான் வரும். சுண்ணாம்புத் தொட்டியில் முழங்கால் வரை நின்று என்னைப் படிக்கவைத்த அப்பா, மகன் இன்னும் கனமான புத்தகங்களைப் படித்துக்கொண்டிருக்கிறான் என்று நம்பினார். கனமான புத்தகங்கள்தான். மொத்தமாகத் தூக்கினால் இருபது கிலோ இருக்கும்.

'விண்வெளித் தளபதி வஜ்ரவேல்' என்ற மாதப் படக்கதை. நூற்றுப்பன்னிரண்டு இதழ்கள். அதோடு பதினான்கு பொம்மைகள். சாதாரணப் பொம்மைகள் அல்ல. முழங்கால் மடங்கும், முழங்கை மடங்கும், கழுத்து திரும்பும். பட்டாளத்துக்காரர்கள், விண்வெளி வீரர்கள், கடலில் முக்குளிக்கிறவர் ஒருவர். எல்லாம் வெளிநாட்டில் பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முன் செய்யப்பட்ட பழைய சரக்கு. வேலூரில் ஊருக்குத் திரும்பும் வெளிநாட்டு டாக்டர் குடும்பங்கள் விட்டுப்போகிற சாமான்களை விற்கும் கடையில் எட்டுப் பொம்மைகள் கிடைத்தன. மற்ற ஆறும் என் ஆபீசில்.

நான் ஒரு ஷூ கம்பெனியில் ஷிப்பிங் கிளார்க். லண்டனிலிருந்து மாதிரி ஷூக்கள் வரும். வடிவம் கெடாமல் இருக்க உள்ளே காகிதத்தைக் கசக்கித் திணித்திருப்பார்கள். அந்த ஊர்க் குழந்தைகள் படித்துக் கிழித்த படக்கதைத் தாள்கள். அவற்றை நீவி எடுத்து வைத்துக்கொள்வேன். ஒருநாள் ஒரு பூட்ஸைத் தலைகீழாகத் தட்டினேன். உள்ளேயிருந்து ஒரு சிப்பாய் விழுந்தான். இடது கை இல்லை. மேனேஜரிடம் காட்டினேன். அவர் குப்பைக்கூடையைக் காட்டினார். நான் வீட்டுக்கு எடுத்துப்போக அனுமதி கேட்டேன்.

எங்கள் கம்பெனியில் கேட் பாஸ் இல்லாமல் ஆணிகூட வெளியே போகாது. நான் முறையாக எழுதினேன்: "பழைய பொம்மை – ஒன்று. கை ஒன்று குறைவு. வணிக மதிப்பு இல்லை." கடைசி வரி எல்லா மாதிரிச் சரக்குக்கும் எழுத வேண்டியது. மேனேஜர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். வாட்ச்மேன் படித்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படித்து, நகலை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். அன்று எனக்கு வியர்த்த வியர்வையில் இரண்டு தோலை ஊறப்போட்டிருக்கலாம்.

கல்யாணமான மூன்றாவது வாரம், அதுவரை சேர்ந்ததையெல்லாம் ஒரு இரும்புப் பெட்டிக்கு மாற்றினேன். கமலவேணி வீட்டுச் சீராக வந்த பெட்டி. மாமனார் பூட்டோடு ஒரு சாவியை என் கையில் கொடுத்திருந்தார்.

"இன்னாங்க, இந்தப் பெட்டில இன்னா வெச்சிருக்கீங்க?"

"புஸ்தகம்."

"இன்னா புஸ்தகம்?"

"படிக்கற புஸ்தகம்."

"அதுக்கு இவ்ளோ பெரிய பூட்டா?"

"தொலைஞ்சா திரும்பக் கெடைக்காது."

ஒவ்வொரு பதிலும் சத்தியம். அதோடு முடிந்திருக்கும். ஆனால் வாசலில் பக்கத்து வீட்டு பில்கிஸ் அக்கா நின்றிருந்தாள்.

"இன்னா கமலா இப்டிக் கேக்கறே? பி.ஏ. படிச்சவரு சும்மா இருப்பாரா? சர்க்கார் வேலைக்குப் பரீட்சை எழுதப் போறாரு. அதான். இன்னா சார்?"

கமலவேணி என்னைப் பார்த்தாள். நான் மறுக்கவில்லை. மறுக்காமல் இருப்பது பொய்யில் சேருமா என்பது எனக்கு இன்றுவரை தெளிவாகவில்லை.

மறுநாளிலிருந்து சாயங்காலம் ஆறு மணி முதல் எட்டு மணி வரை எங்கள் தெருவில் ஊரடங்கு.

"அக்கா, ரேடியோவக் கொஞ்சம் கம்மி பண்ணுங்க. அவரு படிக்கறாரு."

பில்கிஸ் அக்காவின் கணவர் சத்தார் பாய் ரேடியோவைக் காதில் ஒட்டவைத்துக் கேட்டார். எதிர்வீட்டில் ஆட்டுக்கல் நின்றது. சண்டைக்காரர்கள் எட்டு மணிக்கு மேல் சண்டையை வைத்துக்கொண்டார்கள். ஒரு கல்யாண ஊர்வலமே எங்கள் வீடு வந்ததும் நாதஸ்வரத்தை நிறுத்தி, கால் விரலால் நடந்து, முனை தாண்டிப் போய் ஊதியது.

"நீங்க கதவத் தாழ்ப்பாப் போட்டுக்கோங்க," என்றாள் கமலவேணி. "நான் சமையல்கட்டுல மூச்சுகூட விடமாட்டேன்."

சொன்னபடியே செய்தாள். ஒரு கரண்டிச் சத்தம் கேட்காது. முன்னறையில் நான் வஜ்ரவேலோடு செவ்வாய்க் கிரகத்தில் இருப்பேன். அங்கேகூட என்னால் நிம்மதியாக இருக்க முடியவில்லை. சிப்பாயின் முழங்காலை மடக்கினால் கிறீச் என்று கத்தும். பதினான்கு பேர் மூட்டுக்கும் தேங்காயெண்ணெய் போட்டேன். தலைக்கு எண்ணெய் குறைகிறதே என்று கமலவேணி கேட்கவில்லை. கேட்காததுதான் இன்னும் பயமாக இருந்தது.

எட்டு மணிக்குக் கதவைத் திறந்தால் சாப்பாடு. ரசமும் அப்பளமும். மறுநாளும் ரசமும் அப்பளமும். எட்டு மாதம். நான் குறை சொல்லவில்லை. குற்றவாளிக்குப் பொரியல் கேட்கும் யோக்கியதை ஏது?

அப்போதுதான் பெட்டிக்குள் ஒரு அமானுஷ்யம் நடந்தது.

தோல் கிடங்கில் ஒவ்வொரு தோலையும் விரித்துப் பார்த்து அசார்ட்டர் தரம் போடுவார். ஒன்று, இரண்டு, மூன்று என்று சாக்பீசால் எழுதுவார். நானும் என் இதழ்களின் பின்னட்டையில் பென்சிலால் அப்படியே தரம் போட்டிருந்தேன். ஒருநாள் இருபத்தேழாம் இதழை எடுத்தால், நான் போட்ட 'ஒன்று' அழிக்கப்பட்டு 'இரண்டு' என்று இருந்தது.

இதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பின் குத்திய இடத்துக்குப் பக்கத்தில் ஊசிமுனை அளவுக்குப் பூச்சி அரித்த ஓட்டை. நான் கவனிக்கவில்லை. யாரோ கவனித்திருக்கிறார்கள். பூட்டு பூட்டியபடி இருக்கிறது. சாவி என் அரைஞாண் கயிற்றில் எப்போதும் என்னோடு இருக்கிறது.

மறுவாரம், கை இல்லாத சிப்பாயின் முதுகில் நான் ஒட்டியிருந்த 'மூன்று', 'இரண்டு' ஆகியிருந்தது.

ஆம்பூரில் அசார்ட்டர் கண் உள்ள ஆள் எனக்குத் தெரிந்து பக்கத்து வீட்டுச் சத்தார் பாய்தான். நைசாக விசாரித்தேன்.

"பாய், ஒரு சரக்கு. பார்க்க சுத்தமா இருக்கு. ஓரத்துல மட்டும் சின்ன ஓட்டை."

"ரெண்டாம் நம்பர் சார்."

"ரொம்பச் சின்ன ஓட்டை."

"ஓட்டைல சின்னது பெரிசு இன்னா சார்? ரெண்டுதான்."

"சரி, ஒரு பக்கம் கொஞ்சம் கம்மி. மத்ததெல்லாம் நல்ல சரக்கு?"

"அதையும் ரெண்டுல போடலாம். பாவம், தள்ளக்கூடாது. இன்னா சார், இதெல்லாம் இப்பப் பரீட்சைல கேக்கறானுங்களா?"

நான் மறுக்கவில்லை. பாய் முகத்தில் திருட்டுக் களை துளியும் இல்லை. அப்படியானால் நானே தூக்கத்தில் எழுந்து தரம் மாற்றுகிறேனா? மூளையில் ஏதோ நட்டு கழன்றுவிட்டதா? வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டரிடம் என்ன சொல்வது? "தூக்கத்தில் பொம்மைக்கு மார்க் போடுகிறேன்" என்றா? பி.ஏ. என்பதை எழுதாமல் சீட்டு வாங்க முடியுமா?

இந்தக் கவலையில் முப்பத்திரண்டாவது ஞாயிறும் போய்விட்டது. அடுத்த சனிக்கிழமை காலை போஸ்ட்மேன் கோதண்டராமன் தெரு முனையிலிருந்தே சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு வந்தார்.

"பி.ஏ. சார்! பரீட்சைக்கு ஹால் டிக்கெட் வந்திருச்சு!"

ஜன்னல்கள் திறந்தன. கதவுகள் திறந்தன. சத்தார் பாய் ரேடியோவை நிறுத்திவிட்டு வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பில்கிஸ் அக்கா சர்க்கரை எடுத்து வந்து வாயில் போட்டாள். நான் எந்தப் பரீட்சைக்கும் விண்ணப்பம் போடவில்லை. போடாத விண்ணப்பத்துக்கு ஹால் டிக்கெட்! தரம் மாற்றிய அதே ஆவி விண்ணப்பமும் போட்டுவிட்டதா?

கமலவேணி வந்தாள். கவரை வாங்கினாள். என்னை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். என்னால் இனிமேல் தாங்க முடியாது. சனிக்கிழமையே ஞாயிற்றுக்கிழமை ஆகிவிட்டது.

"கமலா, நான் பரீட்சைக்கு அப்ளிகேசனே போடல."

"தெரியும்."

"நான் பரீட்சைக்குப் படிக்கவே இல்ல."

"தெரியும்."

"பெட்டில இருக்கறது வேற. வந்து... பொம்மை."

"பதினாலு."

நான் உட்கார்ந்துவிட்டேன்.

"ஒண்ணுக்குக் கை இல்ல," என்றாள். பிறகு சமையல்கட்டுக்குப் போய் ஒரு கம்பியைக் கொண்டுவந்தாள். கடைகளில் பில் குத்தி வைப்பார்களே, அது. அதில் என் கேட் பாஸ்கள் ஆறும் தேதி வாரியாகக் குத்தியிருந்தன.

"உங்க சட்டையத் துவைக்கறது யாரு? மொதல் மாசமே பாக்கெட்டுல இருந்துச்சு. 'கை ஒன்று குறைவு.' யாருக்கோ ஆக்சிடெண்டுன்னு பயந்துபோய்ட்டேன்."

"பூட்டியிருந்துச்சே?"

"எங்கப்பா பூட்டுக்கு ரெண்டு சாவி குடுத்தாரு. ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு எனக்கு. எத்தினி சாவின்னு நீங்க கேக்கவே இல்லியே?"

"அப்ப தரத்த மாத்துனது?"

"எங்கப்பா பேரணாம்பட்டுல முப்பது வருசம் அசார்ட்டரு. ஓட்டை விழுந்தத ஒண்ணாம் நம்பர்ல வெச்சிருக்கீங்க. எனக்கு மனசு கேக்குமா?"

மூளையில் நட்டு எதுவும் கழலவில்லை என்று ஒரு கணம் ஆறுதலாக இருந்தது. ஒரு கணம்தான். "அப்ப இந்த ஹால் டிக்கெட்டு?"

கவரை நீட்டினாள். "திருமதி கமலவேணி, க/பெ கனகராஜ்." எட்டு மாதமாகத் தெருவே எதிர்பார்த்த கவர். கோதண்டராமன் கண்ணுக்கு இரண்டாவது பெயர்தான் தெரிந்திருக்கிறது.

"நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணிட்டு அஞ்சு வருசம் சும்மாக் கெடந்தேன்," என்றாள். "இந்தப் பரீட்சை எழுதணும்னு ஆசை. நான் படிக்கறேன்னு சொன்னா பாய் ரேடியோவ நிறுத்துவாரா? எதிர்வீட்டுக்காரி மாவாட்டாம இருப்பாளா? 'சோறு வடிச்சியா'ன்னு ஆளாளுக்கு எட்டிப் பாப்பாங்க. நீங்க படிக்கறீங்கன்னதும் ஊரே வாயப் பொத்திக்கிச்சு. ஆறுலேருந்து எட்டு வரைக்கும் சமையல்கட்டுல நல்லாப் படிச்சேன்."

ரசமும் அப்பளமும் ஏன் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"தெருகிட்டப் பொய் சொல்லியிருக்கே!"

"இன்னா பொய்? 'அவரு படிக்கறாரு'ன்னு சொன்னேன். நீங்க படிக்கல?"

படித்தேன். மறுக்க முடியவில்லை.

"இங்கிலீஷு?"

"உங்க லண்டன் காயிதம்தான். படத்தப் பாத்தா அர்த்தம் தன்னால வந்துருது. அந்த வஜ்ரவேலு மட்டும் தண்டம். நூத்துப்பன்னெண்டு புஸ்தகத்துலயும் பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்த கேக்காமலே போய் மாட்டிக்கறான்."

பரீட்சை எழுதினாள். பாஸ் செய்தாள். திருப்பத்தூர் தாலுகா ஆபீசில் வேலைக்கு ஆர்டர் வந்தது. தெருவில் என் மதிப்பு ஒரு முழம் கூடிவிட்டது.

"தனக்கு வந்த சான்ச விட்டுக்குடுத்து, பொண்டாட்டிய உக்கார வெச்சுப் பாடம் சொல்லிக் குடுத்திருக்காரு! இந்த மாதிரி ஆம்பள கெடைப்பாங்களா?" என்று பில்கிஸ் அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கமலவேணி என்னைப் பார்த்தாள். நான் மறுக்கவில்லை.

எனக்கு ஆம்பூரில் வேலை, அவளுக்குத் திருப்பத்தூரில். நடுவில் வாணியம்பாடியில் வீடு பார்த்தோம். சாமான் ஏற்ற டெம்போ வந்தது. கடைசியாக என் பெட்டியைத் தூக்கப் போனேன்.

"இருங்க. லிஸ்ட்டுல பாக்காம எதுவும் வெளிய போகக் கூடாது," என்றாள். வேலையில் சேர்ந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. என் பழைய கேட் பாஸை மாதிரியாக வைத்து, வீட்டுச் சாமான் மொத்தத்துக்கும் பட்டியல் போட்டு வைத்திருந்தாள். கடைசிப் பக்கத்தை என்னிடம் நீட்டினாள்.

"இரும்புப் பெட்டி – ஒன்று. சாவி இரண்டு.
படக்கதைப் புத்தகம் – நூற்றுப்பன்னிரண்டு.
பொம்மை – பதினான்கு. கை ஒன்று குறைவு.
புருஷன் – ஒன்று. வாய் குறைவு. வணிக மதிப்பு இல்லை."

கீழே, 'சரிபார்த்தேன்' என்று எழுதி, கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

நான் சாமான்களோடு பட்டியலை ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு தப்பும் இல்லை. கையெழுத்துப் போட்டேன்.