பேரனைத் திருப்பி அனுப்புவது குறித்து

கும்மிடிப்பூண்டி,
செவ்வாய்க்கிழமை.

மதிப்பிற்குரிய சம்பந்தி அந்தோணி அவர்களுக்கு,

தேசப்பன் எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் இங்கே நானும் ஞானம்மாவும், பிரசவத்துக்கு வந்த மகள் ஜெனிபரும், நான்கு மாதப் பேரனும் சுகம். வேப்பம்பட்டில் நீங்களும் சுகமாகத்தான் இருப்பீர்கள். இல்லாவிட்டால் வாட்ஸ்அப்பில் அப்படி ஒரு செய்தி அனுப்பத் தெம்பு வந்திருக்காது.

“மருமகளையும் பேரனையும் ஞாயிறன்று திருப்பி அனுப்பவும்” என்று எழுதியிருக்கிறீர்கள். நான் சிப்காட் கம்பெனி கேட்டில் இருபத்தாறு வருடம் செக்யூரிட்டியாக நின்றவன். கேட்டைத் தாண்டும் பொருளுக்கு இரண்டு வகைச் சீட்டுதான் உண்டு. திரும்பி வரவேண்டியதற்கு ஒன்று, வரவேண்டாததற்கு ஒன்று. பழுதுபார்க்கப் போகும் மோட்டாருக்கு முதல் சீட்டு. என் மகள் என்ன, ரிப்பேருக்கா இங்கே வந்தாள்? அவளாவது உங்கள் வீட்டிலிருந்து வந்தவள். பேரன் பொன்னேரி ஆஸ்பத்திரியில் பிறந்து நேரே என் வீட்டுக்கு வந்தவன். உங்கள் வாசலையே பார்க்காதவனை எப்படி ஐயா திருப்பி அனுப்புவது?

சந்தேகம் வந்தபின் சும்மா இருக்க முடியவில்லை. நீங்கள் கொடுத்த தொட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் உங்கள் பெயர் பெயின்ட்டில் எழுதியிருக்கிறது. முந்தாநாள் மாப்பிள்ளை பெரிய பையோடு வந்தார். வாசலிலேயே வாங்கிச் சோதித்தேன். பிள்ளைக்கு ஆறு சட்டை, எல்லாம் ஒரு வயதுக் குழந்தையின் அளவு. அவன் எங்கே வளரப்போகிறான் என்று நீங்களே முடிவு கட்டிவிட்டீர்கள். இப்போது கம்பெனி கேட்டில் நிற்கும் ஆசீர்வாதத்திடம் விசாரித்தேன். “திருப்பி அனுப்புன்னு எழுதினா பொருள் அவங்களுதுண்ணா. நீ சும்மா வச்சிக்கினு கீற” என்றான்.

ஞானம்மாவிடம் சொன்னேன். “இன்னாய்யா பேஜாரு இது? அஞ்சாம் மாசம் அனுப்பறது எல்லார் ஊட்லயும் நடக்கறதுதான். உனுக்குப் புள்ளைய வுட மனசில்ல, அத்தச் சொல்லு” என்றாள்.

மனசில்லைதான். இப்போதுதான் என் குரல் கேட்டுத் தலையைத் திருப்புகிறான். அதற்குள் கேட்கிறீர்கள்.

ஆகையால் அனுப்புவதற்கில்லை. சம்பந்தி முறைப்படி நேரில் வந்து அழைத்தால் யோசிக்கலாம்.

சம்பந்தி அம்மாவுக்கு என் ஸ்தோத்திரம். உங்கள் சர்க்கரை இறங்க ஜெபிக்கிறேன்.

இப்படிக்கு,
தேசப்பன்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் ஜெனிபர் வாங்கிப் படித்துவிட்டாள். “எங்க ஊட்டுக்கு நான் போவணும்பா” என்று அழுகிறாள். எங்க ஊடு என்று அவள் சொன்னது உங்கள் வீட்டை. ஆகவே ஞாயிறு காலை முதல் வண்டியில் வருகிறோம், கடிதத்தையும் நானே கொண்டுவந்து தருகிறேன். எனக்கும் ஒரு பாய் போட்டு வையுங்கள். எத்தனை நாளைக்கு என்று மட்டும் கேட்க வேண்டாம்.