லெப்ட் மேஸ்திரி வீட்டுப் பல்வலி

சனிக்கிழமை காலை ஏழேகால் மணிக்கு ஜெபதுரை மேஸ்திரியின் இடது கை, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அடுப்பங்கரை வாசல்வரை போய் ஒரு காரியம் செய்துவிட்டுத் திரும்பி வந்தது.

அப்படித்தான் மேஸ்திரி தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "நான் அடிக்கல. கை நீண்டுடுச்சு." ஏதோ பாகற்கொடி, மழைக்குத் தானாக நீண்டுவிட்டது என்கிற மாதிரி.

சாதாரணக் கை இல்லை அது. ஒடுகத்தூரிலிருந்து ஜவ்வாது மலைக்கு ஏறுகிற பாதையில், அந்தச் சரிவு ஊரில் பாதி வீடுகளுக்குச் சுவர் எழுப்பிய கை. பூச்சுக் கரணையை இடக்கையில் பிடிக்கிறவர் சுற்றுவட்டாரத்தில் அவர் ஒருவர்தான். அதனால் 'லெப்ட் மேஸ்திரி.' இடக்கையால் கொடுக்கக் கூடாது, வாங்கக் கூடாது என்று ஊரில் ஒரு மரியாதை உண்டல்லவா? அதிலிருந்து அவருக்கு மட்டும் விலக்கு. கல்யாண வீட்டில் தாம்பூலப் பையை இடக்கையால் வாங்குவார். ஒருவரும் முகம் சுளித்ததில்லை. "பொறவியே அப்படி, பாவம்" என்பார்கள்.

அன்று காலை ராஜவேலு வந்திருந்தார். அவருடைய புது வீட்டுக்கு மேஸ்திரிதான் பூச்சு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். வேலை கொடுத்தவர், கூடவே ஒரு மாப்பிள்ளையையும் கொண்டுவந்திருந்தார்.

"நாளைக்கி நாலு மணிக்கு கண்ணமங்கலத்துக்காரங்க பொண்ணு பாக்க வர்றாங்க மேஸ்திரி. பையன் பேரு ஜஸ்டஸ். ஷூ கம்பெனில சூப்பர்வைசர். உங்க சர்ச்சு ஆளுங்கதான். தங்கமான குடும்பம்."

"நம்ம ஹெப்சிக்கு அமைஞ்ச எடம்ங்க அது. நான் வாக்கு குட்த்துட்டேன்," என்றார் மேஸ்திரி.

அடுப்பங்கரை வாசலில் மேஸ்திரியின் மனைவி பிலோமினாள் வந்து நின்றாள்.

"ஏங்க, கண்ணமங்கலத்துல விசாரிச்சீங்களா?"

"எல்லாம் விசாரிச்சாச்சு."

"யார்கிட்ட?"

"பையனோட அப்பாகிட்ட."

"திருடன் நல்லவனான்னு திருடனையே கேட்டீங்களா?"

ராஜவேலு சிரித்துவிட்டார். சின்னச் சிரிப்புதான். வெற்றிலைச் சாறு கூடச் சிந்தவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு மேஸ்திரியின் முதுகுத்தண்டில் ஏறி, தோளில் திரும்பி, இடது கைக்குள் இறங்கிவிட்டது. இன்னொரு ஆம்பளை எதிரில் சிரிக்கிறான். வேறு என்ன செய்வது? அவருக்கு வேறெதுவும் யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

சத்தம் கேட்டது.

ராஜவேலு எழுந்துபோய்ச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார். அது வேத வசனக் காலண்டர். அதில் ராகு காலம் போட்டிருக்க மாட்டார்கள். இருந்தாலும் ராஜவேலு அதை ரொம்ப நேரம் தேடினார். "நாள் நல்லாத்தான் கீது," என்று சொல்லிவிட்டு, யாரையும் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

பத்து மணிக்குள் பிலோமினாளின் வலது கன்னம், சிமெண்டை அள்ளி அப்பிய மூலை மாதிரி உப்பிவிட்டது. மேஸ்திரி உற்றுப் பார்த்தார். ரசமட்டம் வைக்காமலே தெரிந்தது, முகத்தில் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் இல்லை.

அவருக்குப் பயம் வந்தது. அவளுக்காக இல்லை. நாளை நாலு மணிக்காக.

"இந்தா பிலோமி, நீ உங்க அக்கா வூட்டுக்கு அமிர்திக்குப் போய்ட்டு திங்கக்கெழம வாயேன்."

"பொண்ணு பாக்க வர்றவங்க, பொண்ணோட அம்மா எங்கன்னு கேட்டா?"

அதுவும் சரிதான். மேஸ்திரி நடந்தார். இருமினார். கடைசியில் எங்கிருந்தோ, ரொம்பப் பழைய இடத்திலிருந்து, ஒரு யோசனை தானாக வந்து வாயில் விழுந்தது.

"பல் வலின்னு சொல்லு."

பிலோமினாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யார் கேட்டாலும் பல் வலி. அத வுட்டு வேற ஒரு வார்த்த பேசக் கூடாது. விசாரணை கிசாரணைன்னு வாயத் தொறந்த..." அவர் முடிக்கவில்லை. கை முடித்துவிடும் என்று இருவருக்கும் தெரியும்.

"சரிங்க. பல் வலிய பத்தி மட்டுந்தான் பேசுவேன்."

"சத்தியமா?"

"பைபிள் மேல சத்தியமா."

மேஸ்திரி மூச்சு விட்டார். இருபத்து நாலு வருஷத்தில் அவள் இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டது இதுதான் முதல் தடவை. அதற்கே அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். புத்தியும் இடது கையைப் போலத்தான், அவர் சொன்னபடி கேட்பதில்லை.

பல் வலிச் செய்தி மத்தியானத்துக்குள் தெரு முழுக்கப் பரவியது. பக்கத்து வீட்டு பத்ருன்னிசா கிராம்பு எண்ணெயோடு வந்தாள். மேஸ்திரியிடம் சித்தாள் வேலை பார்க்கும் பாஞ்சாலி கல்லுப்பும் மஞ்சளும் கொண்டுவந்தாள். மேஸ்திரி கூடத்தில் கரணையைத் துடைப்பது போல உட்கார்ந்து காதைத் தீட்டினார்.

"எந்தப் பல்லுக்கா?" இது பத்ருன்னிசா.

"வலது பக்கம்."

உள்ளே மஞ்சள் இடிக்கிற சத்தம் நின்றது.

"வலது பக்கமா?" என்றாள் பாஞ்சாலி. "எனக்கெல்லாம் எடது பக்கந்தான்க்கா வரும். நம்ம தெருவுல யாருக்கு வந்தாலும் எடது பக்கந்தான். உனக்கு மட்டும் இன்னா வலது பக்கம்?"

"அது பொறவியே அப்படி, பாவம்," என்றாள் பத்ருன்னிசா.

மூன்று பேரும் சிரித்தார்கள். அடுத்த நிமிஷம் ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். யார் என்று தெரியவில்லை. கூடத்தில் மேஸ்திரி கரணையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். தெருவில் இத்தனை பேருக்குப் பல் கெட்டிருக்கிறதே, தண்ணீர்தான் சரியில்லை போல என்று நினைத்துக்கொண்டார்.

சாயங்காலம் ஹெப்சி வந்தாள். ஒடுகத்தூர் மருந்துக் கடையில் வேலை. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்தாள்.

"இன்னாம்மா இது?"

"பல் வலி," என்றார் மேஸ்திரி.

"உங்களக் கேக்கலப்பா."

"பல் வலிதான்மா," என்றாள் பிலோமினாள்.

ஹெப்சி அப்பாவின் கையைப் பார்த்தாள். "இது மாத்திரைல அடங்காதும்மா. கோளாறு வேர்ல கீது," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஞாயிறு நாலு மணி. பையனின் அப்பா கண்ணமங்கலத்துக்காரர் வெள்ளை வேட்டியில், பவுடர் போட்ட மீசையோடு வந்தார். பின்னால் ஜஸ்டஸ், இஸ்திரி கலையாத சட்டை. அவனுக்கும் பின்னால், இரண்டடி தள்ளி, அவன் அம்மா. ஒத்தாசைக்கு என்று பத்ருன்னிசாவும் பாஞ்சாலியும் அடுப்பங்கரையில் இருந்தார்கள்.

"வாங்க சம்மந்தி!" என்றார் மேஸ்திரி. பெண்ணைப் பார்க்கும் முன்பே சம்மந்தி. அவ்வளவு அவசரம்.

கண்ணமங்கலத்துக்காரர் உட்கார்ந்தார். அவர் உட்காரச் சொல்லும்வரை மனைவி நின்றாள். மேஸ்திரிக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. குடும்பம் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

பிலோமினாள் முக்காடு போட்டு, தலை குனிந்து, காபி கொண்டுவந்தாள். டம்ளரை மேஸ்திரி இடக்கையால் எடுத்தார். பையனின் அம்மா அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு முக்காட்டுக்குள் இருந்த வலது கன்னத்தைப் பார்த்தாள். மறுபடி கையைப் பார்த்தாள்.

"முகம் இன்னா வீங்கிகீது சம்மந்திம்மா?"

மேஸ்திரிக்குக் காபி தொண்டையில் நின்றது.

"பல் வலிங்க," என்றாள் பிலோமினாள்.

மேஸ்திரி காபியை விழுங்கினார். நல்லபடியாகத் தாண்டியாகிவிட்டது.

"ஐயோ, அந்த வலி எனக்குத் தெரியும்," என்றாள் பையனின் அம்மா. "எனக்கும் கீது. எடது பக்கம்."

"அடிக்கடி வருமா?"

"உப்பு கூடினாலும் வரும். கொறஞ்சாலும் வரும். சம்பளத் தேதி ஆனா கட்டாயம் வரும்."

"சம்பளத்துக்கும் பல்லுக்கும் இன்னாடி சம்மந்தம்?" என்றார் கண்ணமங்கலத்துக்காரர்.

"அன்னிக்குத்தான கறி எடுப்பீங்க. எலும்பு கடிக்கிறேன் இல்ல."

"ஆமா ஆமா," என்று அவர் மீசையைத் தடவினார். "பொம்பளைங்க ரெண்டு பேர் சேந்தா பல்லு, முட்டி, இடுப்பு. வேற பேச்சே கெடையாது இவங்களுக்கு."

மேஸ்திரியும் சேர்ந்து சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. கறி, சம்பளம், உப்பு. என்னவோ எங்கேயோ இடித்தது.

அவருடைய அம்மாவுக்கும் பல் வலி வரும். எட்டு வயதில் எத்தனை தரம் ஓடியிருக்கிறார், கிராம்பு வாங்க. உள்ளங்கையில் கிராம்பை இறுக்கிக்கொண்டு, அம்மா செத்துப்போவாளோ என்று பயந்து, ஒரே ஓட்டம். அம்மா செத்தது அறுபத்தாறு வயதில். அன்றைக்கு அவள் வாயில் முப்பத்திரண்டு பல்லும் முழுசாக இருந்தன.

அவர் பேச்சை மாற்றப் பார்த்தார். "பொண்ண வரச் சொல்லலாமா?"

"இருங்க, பல்ல பத்தி பேசிக்கிட்டு கீறாங்க," என்றாள் பத்ருன்னிசா, வாசற்படியில் வந்து நின்று.

பிலோமினாள் குரலைத் தாழ்த்தவில்லை. உயர்த்தவும் இல்லை. "உங்க மூத்த மருமவளுக்கு பல்லு எப்படிங்க?"

"அதுக்கு கல்யாணமான மூணாம் மாசமே ஆரம்பிச்சுடுச்சும்மா. சின்னப் பொண்ணு. எங்க வூட்டு வாகு அப்படி. எங்க மாமியாருக்கும் இருந்துது."

"சின்னவருக்கு?"

ஜஸ்டஸ் செல்போனிலிருந்து தலையைத் தூக்கினான். பையனின் அம்மா புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். அவிழ்த்தாள். மறுபடி சுற்றினாள்.

"போன வருசம் இவன் தங்கச்சிக்கு பல் வலி வந்துது," என்றாள் மெல்ல. "அன்னிக்கு இவங்க அப்பா ஊர்லயே இல்ல."

பிலோமினாள் கண்ணை மூடித் திறந்தாள். அவ்வளவுதான். ஒரு விசாரணை முடிந்தது.

"தங்கச்சி," என்றாள் பையனின் அம்மா. சம்மந்திம்மா இப்போது தங்கச்சி ஆகியிருந்தாள். "உன் பொண்ணுக்குப் பல்லு வரிசையா, அழகா கீதுன்னு ராஜவேலு சொன்னார். அத அப்படியே வச்சிக்கோ."

"இன்னாடி ஒளர்ற?" கண்ணமங்கலத்துக்காரர் எழுந்துவிட்டார். இதுவரை புரியாதது அவருக்குப் புரிய ஆரம்பித்திருந்தது. வலது கை, சட்டை முழங்கைக்கு மேல் ஏற, உயர்ந்தது.

ஹெப்சி வந்தாள். தட்டு இல்லாமல், வெறுங்கையோடு. அப்பாவைப் பார்க்கவில்லை.

"எனக்குப் பல்லு நல்லா கீதுங்க. கெடுத்துக்க இஷ்டம் இல்ல. போய்ட்டு வாங்க."

"ஜெபதுரை! உங்க பொண்ணு இன்னா பேசறா? பல்லு பல்லுன்னா இன்னா அர்த்தம்?"

எல்லாரும் மேஸ்திரியைப் பார்த்தார்கள். அது பல் வலி இல்லை என்று சொல்லலாம். சொன்னால், அப்புறம் என்ன என்று கேட்பார்கள். அவர் வாயைத் திறந்தார். தன் அம்மாவின் பற்கள் ஞாபகம் வந்தன. மூடினார்.

"பல் வலிதாங்க அது," என்றார்.

கண்ணமங்கலத்துக்காரர் மனைவியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இன்றைய இரவு முழுக்க இருந்தது. அந்த அம்மாளின் கை தானாக இடது கன்னத்துக்குப் போனது.

பத்ருன்னிசா வாசலை விட்டு நகரவில்லை. "அண்ணா, என் மவ அஃப்ரா உங்க ஊர்லதான் கீறா, பஸ் ஸ்டாண்டு பக்கத்துல. அம்மாவுக்குப் பல்லு எப்படி கீதுன்னு பாக்க நாளைக்கு காலைல வருவா. நாளன்னிக்கும் வருவா. தெனம் வரச் சொல்றேன்."

"எதுக்கும்மா அதெல்லாம்?"

"பல் வலின்னா சும்மாவாண்ணா? கிராம்புல கேக்கலன்னா டாக்டரம்மாவையே கையோட கூட்டியாருவா. காக்கிச் சட்ட போட்ட டாக்டரம்மா. மகளிர் ஸ்டேசன்ல கீறாங்களே, அவங்க."

கண்ணமங்கலத்துக்காரரின் கை மெல்ல இறங்கியது. எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பைக்குள் போனது. பையில் சில்லறை கூட இல்லை போலிருக்கிறது, ஒரு சத்தமும் வரவில்லை. அவர் போனார். ஜஸ்டஸ் போனான். பையனின் அம்மா மட்டும் பத்ருன்னிசாவின் செல் நம்பரை வாங்கிக்கொண்டு, வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த இருவரையும் தாண்டி, இந்தத் தடவை முன்னால் நடந்து போனாள்.

வீடு காலியானது.

"உன்ன பல் வலின்னு மட்டுந்தான சொல்லச் சொன்னேன்?" என்றார் மேஸ்திரி. குரலில் பாதிதான் கோபம். மீதி என்னவென்று அவருக்கே தெரியவில்லை.

"அத வுட்டு ஒரு வார்த்த பேசினேனாங்க?"

அவர் யோசித்துப் பார்த்தார். பேசவில்லை. ஒரு வார்த்தை கூட.

"விசாரிச்சீங்களான்னு கேட்டேன். அடிச்சீங்க. இப்ப நானே விசாரிச்சிட்டேன்," என்றாள் பிலோமினாள். "இன்னொண்ணு. எனக்கு மறுபடி பல் வலி வந்துச்சுன்னா, அந்தக் காக்கிச் சட்ட டாக்டரம்மாகிட்ட முதல்ல போறது நானாத்தான் இருப்பேன்."

மேஸ்திரி தண்ணீருக்காக இடக்கையை நீட்டினார். செம்பு வரவில்லை. அவள் செம்போடு அப்படியே நின்றாள். அவர் கையைப் பார்த்தார். மடக்கினார். வலக்கையை நீட்டினார். அப்புறம்தான் செம்பு வந்தது. பாதித் தண்ணீர் வேட்டியில் போயிற்று.

ராத்திரியோடு ராத்திரியாகத் தெருவில் என்ன பேசிக்கொண்டார்களோ தெரியாது. திங்கட்கிழமை டீக்கடை அம்மாள் அவருடைய இடக்கையில் டீ கொடுக்கவில்லை. ரேஷன் கடைப் பெண் இடக்கையில் கார்டைத் தரவில்லை. சாரத்தில் நின்றவருக்குக் கீழேயிருந்து பாஞ்சாலி கலவைச் சட்டியை நீட்டினாள். இடக்கை வந்ததும் சட்டியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"சோத்துக் கையில வாங்கு மேஸ்திரி. சோத்துக் கையிலயே பூசு."

முப்பது வருஷப் பூச்சு வேலையில் முதல் தடவையாக லெப்ட் மேஸ்திரி வலக்கையால் கரணை பிடித்தார். கலவை பாதி சுவரில், பாதி அவர் மேல். மதியத்துக்குள் சுவர், மலைப்பாதை மாதிரி வளைந்து வளைந்து போயிருந்தது.

ராஜவேலு மனைவியோடு வேலையைப் பார்க்க வந்தார். தலையை இந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார், அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தார்.

"இன்னா மேஸ்திரி, சொவரு இப்படிக் கோணிக்கிட்டு போவுது?"

மேஸ்திரி வாயைத் திறப்பதற்குள் கீழேயிருந்து பாஞ்சாலி, ராஜவேலுவின் மனைவிக்கும் கேட்கும்படி, சத்தமாகப் பதில் சொன்னாள்:

"அவருக்குப் பல் வலிங்க!"