அதிரசம் சாரும் மிதக்கும் காந்தமும்

பெரம்பலூர் வட்டாரத்தில் எந்த மாடு பருவத்துக்கு வந்தாலும், மாட்டுக்காரருக்கு முன்னால் சந்தோஷப்பட்ட மனிதர் அதிரசம் சார்தான். இத்தனைக்கும் அவர் மாட்டு டாக்டர் இல்லை. நான் மணியடித்து, ஆய்வகம் கூட்டிக் காலம் தள்ளிய கல்லூரியில் இயற்பியல் வாத்தியார்.

தாமிர ஆக்சைடோடு இன்னும் ஏதேதோ பொடிகளைச் சேர்த்து இடித்து, வில்லையாகத் தட்டி, உலையில் வேகவைப்பார். வெந்ததை மறுபடி இடிப்பார். கடைசியில் கன்னங்கரேலென்று ஒன்று வெளியே வரும். "பாகு பதம் தப்பிடுச்சா சார்?" என்று கேட்டவன் நான்தான், அதிரசம் என்ற பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது. அந்த வில்லையைக் கடுங்குளிரில் வைத்தால் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும், காந்தம் அதன்மேல் மிதக்கும் என்பார். குளிருக்குத் திரவ நைட்ரஜன் வேண்டும். எங்கள் பக்கத்தில் அது, காளை விந்தைக் கெடாமல் உறையவைத்து மாட்டுக்குச் சினை ஊசி போடுகிறவரின் கேனில்தான் இருக்கும்.

அந்த வருடம், இன்னும் ஒரு பிள்ளை சேராவிட்டால் இயற்பியல் வகுப்பே கிடையாது என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். மற்ற வாத்தியார்கள் நோட்டீஸோடு வீடு வீடாகப் போனார்கள். சார் ஊசிக்காரரின் பைக்கில் பின்னால் ஏறிக்கொண்டார். எந்த வீட்டில் மாடு கத்துகிறதோ அந்த வீட்டில் ஆள்சேர்ப்பு! பின்னாலேயே என் வண்டி.

வேப்பந்தட்டையில் ஒரு அம்மா, ஊசிக்காரரை விட்டுவிட்டுச் சாரிடம் சுடுதண்ணியும் சோப்பும் நீட்டினார்.

"நான் பிசிக்ஸுங்க."

"எந்த ஊசியா இருந்தா என்னங்க, சினை நின்னா சரி."

ஊசிக்காரர் மாட்டைப் பார்க்க, சார் கழனித்தண்ணித் தொட்டி விளிம்பில் கடை விரித்தார். தெர்மோகோல் கிண்ணத்தில் வில்லை, மேலே அட்டைத்துண்டு, அதன்மேல் சின்னக் காந்தம். நைட்ரஜனை ஊற்றினார். புகை அடங்கியதும் அட்டையை உருவினார். காந்தம் அந்தரத்தில் நின்றது. வில்லையை பிளாஸ்டிக் இடுக்கியால் எடுத்துத் தலைகீழாகப் பிடித்தார். காந்தம் ஒட்டவும் இல்லை, விழவும் இல்லை.

பிளஸ் டூ முடித்த மகள் எட்டிப் பார்த்தாள். "கிட்டயும் சேக்க மாட்டேங்குது, வுடவும் மாட்டேங்குது. அப்படியே எங்கம்மாதான்! இதுக்கு எப்படி சார் இந்தக் குணம் வந்துச்சு?"

"அது முழுசா இன்னும் யாருக்கும் தெரியலம்மா."

"தெரியாததுக்கா மூணு வருசம் படிக்கச் சொல்றீங்க?" என்றார் அம்மா.

சார் முகம் மலர்ந்தது. "அதுக்குத்தாங்க!"

போச்சு, வகுப்புக்குப் பூட்டுத்தான் என்று நான் தலையில் கைவைத்தேன். மகளோ, "சர்டிபிகேட்டெல்லாம் எங்க வச்சிருக்கம்மா?" என்று வீட்டுக்குள் ஓடினாள்.

முதல் நாள் வகுப்பில் சார் பாடமே எடுக்கவில்லை. பிள்ளைகளின் பெயரைக் கேட்டார், ஊரைக் கேட்டார், மறுபடியும் பெயரைக் கேட்டார். அன்றைக்கு மணியைக் கொஞ்சம் தாமதமாகத்தான் அடித்தேன்.