சம்மதத்தைக் கட்டுடைத்த ஜஸ்டஸ் சார்

கட்டுடைப்பாளர் என்றோர் இனம் நாகர்கோவிலில் பெருகி வருகிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். ‘மழை வரும்போல இருக்கே’ என்று சொல்லிப் பாருங்கள். அவர் வானத்தைப் பார்க்க மாட்டார், ‘போல’ என்ற சொல்லைப் பார்ப்பார்.

அவர்களில் மூத்தவர் எங்கள் ஜஸ்டஸ் சார். தமிழ்ப் பேராசிரியர். எந்தச் சொல்லும் தன் பொருளை முழுதாகக் கையில் தராது, அடுத்த சொல்லிடம் தள்ளிவிடும், ‘ஆம்’ இருக்கும் இடத்தில் ‘இல்லை’யும் பதுங்கியிருக்கும், சொன்னதைவிடச் சொல்லாமல் விட்டதையே கூர்ந்து வாசிக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லிச் சொல்லி, வீட்டிலும் அதுவே பேச்சாகி, மனைவி ஞானபாய் ‘இன்னொரு தோசை வேணுமா?’ என்று கேட்டால், ‘வேண்டும், வேண்டாம் என்கிற இருமையை ஏன் என்மேல் திணிக்கிறாய்?’ என்பார். தோசை வராது.

தோசையோடு போயிருந்தால் பரவாயில்லை. மகள் பிளஸ்ஸிக்கும் அவளோடு வேலை பார்க்கும் ஜெஃப்ரினுக்கும் பிரியம். பையனின் அப்பா சத்தியநேசன், அஞ்சுகிராமத்தில் உரக்கடை வைத்திருப்பவர், குடும்பத்தோடு பெண் கேட்டு வந்தார்.

“எங்களுக்குப் பூரண சம்மதம். சாருக்கும் சம்மதம்தானே?”

“சம்மதம்னு சொன்னா, அந்தச் சொல்லுக்குள்ளயே ஒரு மறுப்பு இருக்கு பாத்தியளா...” என்று தொடங்கினார் சார். காபி ஆறியது. பலகாரத்தில் ஈ உட்கார்ந்தது. “ஆக, இதுக்கு முடிவான பதில்னு ஒண்ணு கிடையாது” என்று மிகுந்த திருப்தியோடு முடித்தார்.

சத்தியநேசன் எழுந்தார். “பிடிக்கலைன்னா நேரா சொல்லியிருக்கலாம் சாரே.”

கார் போய்விட்டது.

“எனக்குச் சம்மதம்தான் மக்கா! நான் தத்துவம்லா சொன்னேன்?” என்றார் சார் மகளிடம்.

பிளஸ்ஸி அழவில்லை. “சொல்லாம விட்டதை வாசிக்கணும்னு சொல்லுவியளே அப்பா. நான் அங்கதான நின்னேன்? எனக்க முகத்தை வாசிச்சியளா?”

மறுநாள் காலை சார் அஞ்சுகிராமம் பஸ் ஏறினார். உர மூட்டைகளுக்கு நடுவே நின்று, “சம்மதம்” என்றார்.

சத்தியநேசன் சந்தேகமாகப் பார்த்தார். “நேத்து அதுக்குள்ள என்னமோ இருக்குன்னியளே?”

சாருக்கு நாக்கு துறுதுறுத்தது. வருஷக்கணக்கான பழக்கம், சும்மாவா? விழுங்கினார்.

“ஒண்ணுமில்ல. சம்மதம்னா சம்மதம்.”

ஈஸ்டர் கழிந்து கல்யாணம் நடந்தது. வாழ்த்துரைக்கு மட்டும் சாரை யாரும் மேடைக்குக் கூப்பிடவில்லை.

இதை எழுதியவன் எதையோ மறைக்கிறானே, மேலே போய் இன்னொரு தடவை வாசிக்கலாமா என்று உங்களுக்குத் தோன்றுகிறதா? தாராளமாக வாசியுங்கள். அதற்கு முன், உங்களிடம் எதையோ கேட்டுவிட்டு வீட்டில் யாராவது நின்றுகொண்டிருக்கிறார்களா என்று கொஞ்சம் திரும்பிப் பாருங்கள்.