பல்லிக்கு உடம்பு சரியில்லை

ஆடி மாதத்தில் புது மாப்பிள்ளை என்ன சொன்னாலும் ஊர் நம்பாது. நெஞ்சு வலிக்கிறது என்றால்கூட, "எந்தப் பக்கம் வலிக்கு, மாமனார் ஊருப் பக்கமா?" என்றுதான் கேட்பார்கள்.

எனக்கு அது தலை ஆடி. வழக்கப்படி என் மனைவி மேகலாவை அவள் அப்பா வந்து சிவகிரிக்குக் கூட்டிப்போய்விட்டார். சங்கரன்கோவில் வீட்டில் மிஞ்சியது நானும், கண்ணாடித் தொட்டியில் அவள் வளர்த்த ஒரு ஜோடிப் பல்லியும். (சுவர்ப் பல்லி இல்லை. மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளி, தடித்த வால், கெக்கோ என்று பெயர். பெண் பார்க்கப் போன அன்றைக்கு இதைப் பற்றி ஒருத்தரும் மூச்சு விடவில்லை.)

கிளம்பும்போது படித்துப் படித்துச் சொன்னாள். "பொம்பளை முட்டை போடப் போகுது. ஆணைத் தனிப் பெட்டியில மாத்திருங்க, அது தொரத்தித் தொரத்திக் கடிக்கும். தீனியில கால்சியம் பொடி தூவணும். ஈர மண்ணு போட்டு ஒரு டப்பா வைங்க. இல்லன்னா முட்டை உள்ளயே தங்கிரும், உசுருக்கே ஆபத்து. கேக்குதீங்களா?"

கேட்டேன். ஒன்றையும் செய்யவில்லை. அவ்வளவு எரிச்சல் எனக்கு. என்னைத்தான் பிரித்தாயிற்று, வாயில்லாப் பிராணிகள் என்ன பாவம் செய்தன? "நீங்களாவது சேந்து இருங்கடே" என்று புழுவை அள்ளிப் போட்டுவிட்டு, பெரிய தியாகி மாதிரி போய்ப் படுத்துக்கொண்டேன்.

கோயிலில் ஆடித் தபசுத் திருவிழாவுக்குக் கூட்டம் கூடியிருந்த நேரம். தொட்டியைப் பார்த்தால் பெண் பல்லி வயிறு உப்பி, வால் மெலிந்து, கழுத்தில் கடித்த காயத்தோடு கண்ணை மூடிக் கிடக்கிறது. அந்தத் தடியன் அப்போதும் அதன் முதுகில் ஏறி நிற்கிறான்! அள்ளிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினேன்.

"தம்பி, நான் ஆடு மாடு பாக்கிற ஆளு" என்றார் டாக்டர். "வயித்துல முட்டை தெரியுது. மொதல்ல ஆணைப் பிரிச்சு வை. இதை வளத்தவங்ககிட்ட உடனே கொண்டு போ."

போனில் மேகலா அழுதாள். "செத்துச்சுன்னா ஒங்க மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன். இப்பமே இங்கன கொண்டு வாங்க!"

சிவகிரி பஸ்ஸில் பல்லி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு போனேன். மாமனார் வாசலில் எதிர்வீட்டு அண்ணாச்சியோடு பேசிக்கொண்டிருந்தார். "வாங்க மாப்ளே" என்றவர் அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தார். ஆடியில் மாப்பிள்ளை வந்து நின்றால் அந்த மனுஷன் பாவம், என்ன செய்வார்?

"மாமா, பல்லிக்கு உடம்பு சரியில்ல."

அண்ணாச்சி சிரித்த சிரிப்பில் தெருவே எட்டிப் பார்த்தது. "நாங்கல்லாம் எங்க தலை ஆடியில தலைவலின்னு சொல்லிட்டுத்தான் போனோம். பல்லிங்கது புதுசால்லா இருக்கு வே!"

"சத்தியமா அண்ணாச்சி! முட்டை போட முடியாமக் கெடக்கு!"

"யாரு, நீரா?"

மேகலா ஓடிவந்து டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனாள். என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. கூடக் கொண்டுபோன கால்சியம் டப்பாவைத் திறந்தவள் போட்ட கூச்சல் வாசல்வரை கேட்டது. "டப்பா சீலக்கூட ஒடைக்கல இந்த மனுசன்!"

பின்னாலேயே போகப் பார்த்தேன். மாமியார் குறுக்கே வந்து, "உள்ள வந்துராதீங்க மாப்ளே, ஆடி" என்று தெருவில் ஒரு நாற்காலியைப் போட்டார். காபி அங்கேயே வந்தது. போகிறவர் வருகிறவரெல்லாம் பல்லியின் சுகத்தை விசாரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு போனார்கள். நான் வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது செத்தால் என் வீம்பால்தான் செத்தது. மேகலா சொன்னால் சொன்னதுதான், அப்புறம் முகத்தில் முழிக்கவே மாட்டாள்.

பொழுது சாயும்போது வெளியே வந்தாள். "ரெண்டு முட்டையும் போட்டுட்டா. தண்ணி குடிக்கா. பொழைச்சுக்கிடுவா."

கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில், "அப்பம் ஊருக்குக் கூட்டிட்டுப் போகட்டா?" என்று கேட்டுவிட்டேன்.

"ஆடி முடிஞ்சு ரெண்டு பேரும் சேந்து வாரோம். நீங்க போயி அந்த ஆம்பளையப் பாத்துக்கிடுங்க."

கடைசி பஸ்ஸில் காலி டப்பாவோடு திரும்பினேன்.

இன்றுவரை எங்கள் சொந்தத்தில் எந்த மாப்பிள்ளை ஆடியில் மாமியார் வீட்டுக்குப் போனாலும் காரணம் கேட்பதில்லை. "பல்லிக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு நாற்காலியைத் தூக்கித் தெருவில் போட்டுவிடுகிறார்கள். போன ஆடியில் என் சித்தப்பா மகன் அவன் மனைவி மறந்துவிட்டுப் போன மாத்திரையைக் கொடுக்கத்தான், நிஜமாகவே அதற்குத்தான், போனான். அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி அவன் எனக்குப் போன் போட்டுத் திட்டியதை இங்கே எழுத முடியாது.