கிள்ளான் மண்டபத்தில் நான் வாசித்த பேஸ்

பேஸ் கித்தார் வாசிப்பவனை யாரும் தேட மாட்டார்கள். பாடுகிறவர் வரவில்லை என்றால் கல்யாண வீடே பதறும். நான் வராவிட்டால் ஒரு தட்டு சாப்பாடு மிச்சம். (பொறாமையில் சொல்லவில்லை. சரி, பொறாமைதான்.)

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. பிரிக்பீல்ட்ஸில் ஓர் அறையில் தனியாக இருந்துகொண்டு, ஃபங்க் இசைக்குழு ஒன்றில் பிழைப்பை ஓட்டினேன். ஃபங்க்கில் பேஸ்தான் ராஜா என்று வீட்டில் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. லோரி ஓட்டிய அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “நாலு கம்பிதான் இருக்கு. மீதி ரெண்டு எங்கடா?” ஆறு வருஷத்தில் ஒரு நிகழ்ச்சிக்குக்கூட அவர் வந்ததில்லை.

அப்புறம் கிள்ளானில், எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மண்டபத்தில், ஒரு கல்யாண விருந்துக்கு வாசிக்கக் கூப்பிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் அப்பாவுக்குத் தெரிந்தவர்கள். தப்பிக்க வழியில்லாமல் வந்து மூன்றாவது மேசையில் உட்கார்ந்தார். அவர் வாயால் ‘நல்லாருக்கு’ என்று ஒரு வார்த்தை வாங்கிவிட வேண்டும். அன்றைக்கு எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

புதிதாக வாங்கிய இயர்போனை மாட்டிக்கொண்டேன். மற்றவர்களின் சத்தம் இடைஞ்சல் என்று, காதுக்குள் என் பேஸை மட்டும் முழுசாக வைக்கச் சொல்லியிருந்தேன். (மேடையில் எனக்கென்று தனி ஸ்பீக்கர் வேண்டாம் என்றதும் நான்தான். திமிர்.) கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலால் கம்பியை அடித்து அடித்து நாற்பது நிமிடம் வாசித்தேன். அப்படி அதற்கு முன்னும் வாசித்ததில்லை, பின்னும் வாசித்ததில்லை. கைதட்டல் எனக்குத்தான் என்று இரண்டு முறை கும்பிடு வேறு போட்டேன்.

இறங்கியதும் அப்பா என் தோளில் கை வைத்தார்.

“நல்லாருந்துச்சுடா. உன்னோடது தனியா கேட்டுச்சு.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து சவுண்ட்காரர் ஓடி வந்தார்.

“சாரி லா, பாஸ். நீங்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பொண்ணோட அங்கிள் பேசறப்போ எல்லாரோட சத்தத்தையும் மூடினேன். உங்களோடத மட்டும் திறக்க மறந்துட்டேன். ஹால்ல வரவே இல்ல, உங்க காதுக்கு மட்டும்தான் போயிருக்கு.”

குழுவில் ஒருத்தன்கூடக் கவனிக்கவில்லை. இருநூறு பேர் நடுவே, நாற்பது நிமிடம், எனக்கு நானே வாசித்திருக்கிறேன்.

அப்பா அசரவில்லை. “எனக்குக் கேட்டுச்சு,” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

இன்றும் எங்கள் வீட்டில் யாராவது பார்க்காத படத்தைப் புகழ்ந்தால், “அப்பாவுக்குக் கேட்டுச்சு” என்பாள் அக்கா. எல்லோரும் சிரிப்போம், நானும்தான். அதன்பிறகு எத்தனையோ நிகழ்ச்சிக்கு அப்பாவைக் கூப்பிட்டுவிட்டேன். வர மாட்டேன் என்கிறார். அன்றைக்கே நன்றாகக் கேட்டுவிட்டாராம்.